பழையதற்கு உழைப்பது வீணா?



காலாவதியான கணினி வலையமைப்புக் கருவியை இயக்க மென்பொருள் எழுதுவது வீண் வேலை என்பர் சிலர். புதியது மலிவாகக் கிடைக்கிறதே!

கொடிகாமம் மக்கள் வேறொரு கணக்கும் அறிவர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களே குடாநாட்டில் நோயாளிகளையும் சுமந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். ஆயினும் பழையதெல்லாம் காக்கத்தக்கதன்று. நேரமும் இறைவன் தந்த கொடையே. திறமையைப் பறைசாற்ற மட்டும் உழைத்தால் அது வீண். புதியது வாங்க வழியற்ற ஒருவருக்கு உதவுமாயின், அதுவே பிறரன்புப் பணி.

எனவே, கருவியின் வயதைக் கேளாதீர்கள். அதை நம்பியிருப்பவர் யாரெனக் கேளுங்கள்.