பிக்கு இல்லாத ஊரில்

பக்கத்தில் விகாரை இல்லை, கூடிப் பேச நாலு பேர் இல்லை. பௌத்தத்தை எப்படிப் படிப்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அம்பேத்கர் ஒரு வழிகாட்டி. 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறிய அம்பேத்கருக்குக் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். தொடக்கம் அந்த ஒரு நூல்தான். பிறகு படித்தார், கேள்வி கேட்டார், பிற மதங்களோடு ஒப்பிட்டார். நாக்பூரில் தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14இல். இடையில் 49 ஆண்டுகள்! அந்த நிதானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அன்றும் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளையும் ஐந்து சீலங்களையும் சந்திரமணி என்ற மூத்த பிக்குவிடமே ஏற்றார். தனியே படித்தவர் சங்கத்தை ஒதுக்கவில்லை. நமக்கோ மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியம் தமிழிலேயே இருக்கிறது. உரையுள்ள பதிப்பாக வாங்கி, அறவண அடிகள் என்ற துறவி, துன்பம் தோன்றும் வழியான பன்னிரு சார்புகளை விளக்கும் 30ஆவது காதையைப் படித்துப் பாருங்கள்.