யார் செலவில் பகிர்கிறோம்?

புத்தகக் காட்சிக்கு வந்த புது நாவல், காட்சி முடிவதற்குள் டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் ஆகிவிடுகிறது. பக்கம் பக்கமாகப் படமெடுத்தவரின் கட்டைவிரல் ஓரத்தில் தெரிகிறது. ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று அச்சிட்ட பக்கமும் விடுபடாமல் அதில் இருக்கிறது. அனுப்பியவர் காசு பார்க்கவில்லை. நல்ல புத்தகம் நாலு பேரைச் சேரட்டும் என்றுதான் நினைத்தார். இது தொண்டா, திருட்டா?

தொண்டு என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பல சிற்றூர்களில் புத்தகக் கடையே இல்லை. கடல் கடந்து வாழ்பவருக்கு நூலின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகமாகிவிடுகிறது. அறிவைப் பூட்டிவைக்கக் கூடாது என்பதைச் சட்டமும் ஓரளவு ஏற்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் படிப்பு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடம் நடத்தத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுக்கலாம் என்ற நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் எடுத்தது. ஆனால் அது வகுப்பறைத் தேவையை ஒட்டிய தீர்ப்பு. முழு நாவலை முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது.

நீளத்தை மட்டும் வைத்து நியாயத்தை அளக்கவும் முடியாது. நாவலில் இரண்டு பத்தி என்பது ஒரு துளி. கவிதையில் நாலு வரியே முழுக் கவிதையாக இருக்கலாம். பகிர்ந்த பகுதி வாசகரைப் புத்தகத்திடம் அழைத்துப் போகிறதா, அல்லது புத்தகமே வேண்டாம் என்றாக்கிவிடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முந்நூறு ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்று வைத்துக்கொண்டால், எழுதியவருக்குச் சேர்வது முப்பது ரூபாய். சில நூறு படிகள் மட்டுமே அச்சாகும் தமிழ்ச் சூழலில், நூறு படி தேங்கினாலும் அடுத்த பதிப்பு கேள்விக்குறிதான். இலவசமாகப் படிப்பவர் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார் என்ற சமாதானம் பலர் விஷயத்தில் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் தன் உழைப்பை இலவசமாகத் தருவதா என்பதை உழைத்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் புண்ணியம் இல்லை.

அச்சில் இல்லாத பழைய நூல்கள் வேறு வகை. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது; அதற்குள் மறுபதிப்பும் வராமல், வாரிசும் யாரென்று தெரியாமல், கடைசிப் படியைச் செல் அரித்துவிடுகிறது. அதை ஸ்கேன் செய்து காப்பவரைக் குற்றவாளி என்பது கொடுமை. ஆனால் அங்கும் உரிமையாளரைத் தேடிப் பார்க்கும் கடமை உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உரிமைக்காலம் முடிந்த நூல்களையும் ஆசிரியர்கள் இசைந்து தந்த நூல்களையும் இணையத்தில் ஏற்றியது. ஈழத்து எழுத்துகளை ஆவணப்படுத்தும் நூலகம் திட்டமும் எழுதியவர்களிடம் அனுமதி பெற்று நூல்களைச் சேர்க்கிறது. கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இவையே சாட்சி.

பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமை ஆக்கியது. அந்த வழியில் இன்றும் தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. எழுத்து ஊருக்குப் பொதுவாகிறது. எழுதியவர் குடும்பமும் வெறுங்கையோடு நிற்பதில்லை. தனி மனிதரும் தம் அளவில் இதைச் செய்யலாம். பிடித்த பத்தியை ஆசிரியர், பதிப்பகம் பெயரோடு பகிரலாம். வாங்க முடியாத நண்பருக்குத் தம் படியை இரவல் தரலாம், ஊர் நூலகத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். முழுவதையும் பரப்பியே ஆக வேண்டும் என்றால், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிப்பதும் வாசக அன்பின் பகுதிதான்.