இருட்டில் முழந்தாளிட்ட தகப்பன்



கார்த்திகை மாதம் பிறந்தால் எங்கள் பங்குகளிலே சேமக்காலைகள் துப்புரவாகிவிடும். புல்லைச் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளை பூசி, இரண்டாந் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாளன்று மெழுகுதிரி கொளுத்தி நிற்கிறோம். குருவானவர் கல்லறைகளை மந்திரித்து வருகிறார். நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கல்லறைகளின் முன்னே நாம் கேட்பதெல்லாம் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி ஒன்றைத்தான். அதனோடு நன்றி என்ற ஒரு சொல்லையும் சேர்க்கிறோமா? காணியும் வீடும் தந்ததற்கு நன்றி சொல்வோர் உண்டு. படிப்பித்து ஆளாக்கியதற்குச் சொல்வோரும் உண்டு. விசுவாசத்தைத் தந்ததற்கு? அதை முற்றத்து வேப்பமரத்தைப்போல, நாம் பிறக்குமுன்னே அங்கு நின்றதொன்றாக எண்ணிவிடுகிறோம். அந்த மரத்துக்கும் யாரோ ஒருவர் தண்ணீர் வார்த்திருக்கிறார் அல்லவா?

புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தம் சீடனுடைய விசுவாசத்தைப் பாராட்டும் அப்போஸ்தலர், அது முதலிற் குடியிருந்த இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: பாட்டி லோயிஸ், தாய் யூனிக்கே. தகப்பனுடைய பெயர் அங்கே இல்லை. அவர் ஒரு கிரேக்கர் என்று மட்டும் அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரத்தால் அறிகிறோம். "இவர் கோயிற் பக்கம் வாறதில்லை, நான் ஒருத்தி என்ன செய்யிறது, சுவாமி?" என்று கேட்கும் தாய்மாருக்கு நான் இந்த யூனிக்கேயைத்தான் காட்டுவது வழக்கம். அவளுடைய மகன் சின்னப்பருக்கே தோள் கொடுத்தவன்.

தகப்பன் விலகி நின்ற வீடு அது. தாயே இல்லாமற் போன வீடு ஒன்றை இனிப் பார்ப்போம்.

போலந்து நாட்டின் வாடோவிச்சே என்ற சிறு பட்டணம். கரோல் வொய்த்திலா என்ற சிறுவன் 1920இல் அங்கே பிறந்தான். பின்னாளில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்ற பெயருடன் பாப்பரசராகி, 2014இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டவர் இவரே. ஒன்பது வயது நிறையுமுன்னே, 1929இல், தாய் இறந்தாள். வைத்தியராயிருந்த ஒரே தமையன் நோயாளியிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் 1932இல் இறந்தான். எஞ்சியவர்கள் இருவரே, தகப்பனும் மகனும். தகப்பன் இராணுவத்திலிருந்து இளைப்பாறியவர். சமைத்தார், உடுப்புத் தைத்தார், மகனைப் படிப்பித்தார். அவர் பிரசங்கம் செய்யவில்லை. குருவாகும்படி மகனிடம் ஒருநாளாவது கேட்கவுமில்லை. ஆனால் நடு இரவிலே மகன் கண் விழித்தால், தகப்பன் இருட்டில் முழந்தாளிட்டு நிற்பதைக் காண்பான். அந்தக் காட்சியே தமது முதலாவது குருமடம் என்று, தமது குருத்துவப் பொன்விழாவை ஒட்டி 1996இல் வெளிவந்த நூலிலே பாப்பரசர் எழுதினார்.

பிள்ளை பார்க்கவேண்டுமென்று அந்த மனிதர் முழந்தாளிடவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். பிள்ளை நித்திரை என்றே அவர் நினைத்திருப்பார். மனைவியையும் மூத்த மகனையும் புதைத்த ஒருவருக்கு அந்த நேரத்திலே கடவுளிடம் பேசவேண்டிய காரியங்கள் இருந்தன. மகன் கண்டது தற்செயலாகத்தான். எங்கள் வீடுகளிலோ சில வேளைகளில் இதற்கு மாறாக நடக்கிறது. கையிலே பிரம்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் செபமாலைக்கு இருத்திவிட்டு, தகப்பன் படலையடியில் நின்று அயலவரோடு அரசியல் பேசுகிறார். அந்தப் பிள்ளைக்கு ஐம்பத்துமூன்று மங்கள வார்த்தையும் மனப்பாடமாகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வளர்ந்தபின் அவனுக்கு நினைவில் நிற்பது செபமா, பிரம்பா என்பதில்தான் சந்தேகம்.

வொய்த்திலாவின் தகப்பன் கண்டிப்பே இல்லாதவரல்லர். பீடத்திலே உதவி செய்துவந்த மகனிடம், நீ பரிசுத்த ஆவியிடம் போதியளவு மன்றாடுவதில்லை என்று ஒருநாள் கடிந்துகொண்டார். அத்தோடு விடாமல் ஒரு செபத்தையும் கொடுத்தார். பாப்பரசரான பின்னும் மகன் அந்தச் செபத்தை விடவில்லை. 1986இல் பரிசுத்த ஆவியைப் பற்றி அவர் ஒரு சுற்றுமடலே எழுதினார். அதற்கு எத்தனையோ மறைநூலறிஞரின் உதவி இருந்திருக்கலாம். வித்து அந்தச் சிறு வீட்டில் விழுந்தது.

இந்தப் பாப்பரசர் எங்கள் நாட்டுக்கும் வந்தார். 1995 தை 21ஆம் திகதி காலிமுகத்திடலிலே யோசேவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியவர் அவரே. 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் அதே திடலில் அடிகளாரைப் புனிதராக்கினார். அடிகளாரின் வீரத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர் வந்தபோது இங்கே காத்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். குருமார் துரத்தப்பட்டனர். கோயில்கள் பறிபோயின. குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டு, கூலியாள் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தது 1687இல். கணக்குப் பாருங்கள், இருபத்தொன்பது வருடம்! முதல் வருடத்திலே பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். பூசை என்பதைக் கண்ணாற் கண்டிருக்காது. அப்படிப்பட்ட ஊர்களிலேதான் அடிகளார் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். யாருடைய கண்கள் அந்த மாலையில் தங்கி நிற்கின்றன என்று பார்த்தார். கண்கள் தங்கின, கதவுகள் திறந்தன. சில்லாலை ஊர் அவரை மறைத்து வைத்துக் காத்தது. செபமாலையைக் கண்டதும் அடையாளம் பிடிக்க அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? குரு இல்லை, கோயில் இல்லை. விளக்கைத் தணித்துவிட்டு வீட்டுக்குள்ளே செபித்த தாய் தகப்பன்மாரே. அவர்களில் அநேகருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என்னுடைய தகப்பனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் தோட்டக்காரர், ஞானோபதேசத்தில் ஒரு கேள்வி கேட்டால் தடுமாறுவார். ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குக் கோயில் மணி கேட்டதும், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மண்வெட்டியை நிலத்தில் ஊன்றி, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளிற் போட்டுக்கொண்டு திரிகாலச் செபம் சொல்லுவார். ஒருநாள் பள்ளித் தோழர்களோடு அந்த வழியால் சைக்கிளில் வந்தேன். அப்பு சேற்றுக் காலோடு, வெறுந்தலையோடு, வாய் அசைய நிற்கிறார். தோழர்களில் ஒருவன் சிரித்தான். நான் அவரைத் தெரியாதவன்போல் மறுபக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அவர் என்னைக் கண்டாரோ, இல்லையோ. அதைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. குருப்பட்டம் பெற்ற அன்று அவருடைய கைகளை முத்தமிட்டபோதுகூட அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. இப்போது அவர் சேமக்காலையில் இருக்கிறார்.

கரோல் வொய்த்திலாவின் தகப்பனும் மகன் குருவானதைக் காணவில்லை. 1941 மாசி மாதத்தில், கல்லுடைக்கும் வேலைக்குப் போன மகன் திரும்பி வந்தபோது அவர் இறந்து கிடந்தார். இரவு முழுவதும் மகன் அந்த உடலருகே முழந்தாளில் நின்றான். 1946 கார்த்திகை முதலாந் திகதி, சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளிலே, அவனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. மறுநாள் மரித்தோர் தினம். குருக்கள் மூன்று பூசை வைக்கக்கூடிய நாள். கிராக்கோவிலுள்ள வாவெல் பேராலயத்தின் நிலவறைப் பீடத்திலே தன் முதற் பூசைகளை அவன் தாய்க்காகவும், தமையனுக்காகவும், தகப்பனுக்காகவும் ஒப்புக்கொடுத்தான்.

வருகிற இரண்டாந் திகதி என் முதற் பூசை அப்புவுக்காக. பின்னேரம் கல்லறைகளை மந்திரித்து முடிய ஆறு மணியாகிவிடும். மணி அடிக்கும்போது அவருடைய கல்லறையடியில் நிற்க எண்ணியிருக்கிறேன்.