சபையும் பொருளும்

பலர் கூடும் சபையில் ஒருவர் பேச்சைத் தடுப்பது அறமாகுமோ என்று சிலர் கேட்கின்றனர். பேச்சுரிமையைப் போற்றும் நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் தகாது.

1924ல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன், 1950-51ல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்திற்று. அங்குக் கதைக்கலை ஒன்றே பாடம். பொருள் ஒன்றென வகுத்துவிட்ட இடத்தில் குலமும் பணமும் அளவுகோலாக மாட்டா.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பால்மரம் வெட்டியவனுக்கு மாலை ஒன்றே ஓய்வு. அம்மாலையில் நூலைப்பற்றிப் பேசவந்தவன் முன் தன் பெருமையும் ஊர்வம்பும் அளப்பவன், அவன் பொழுதைத் திருடுகின்றான் அன்றோ? அத்தொழிலாளரின் பேரர்கள் இன்று ஈப்போ நகரில் கூடினும் நியாயம் அதுவே.

கட்டுப்பாடற்ற சபையில் எல்லோரும் பேசுவதில்லை. உரத்த குரலே பேசும். "பொருளுக்கு வருக" என்னும் விதி தலைவருக்கும் தொழிலாளிக்கும் ஒன்றேயாயின், கூச்சமுடையவனும் வாய் திறப்பான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பொருளைப்பற்றியே மாறுபட்டுப் பேசுபவனைப் "புறம்பானவன்" என்று தள்ளுவது ஒழுங்கன்று, அதிகாரமே. விலகிய பேச்சைத் தடுப்போம். மாறுபட்ட பேச்சுக்கு இடமளிப்போம். இவ்விரண்டையும் பகுத்தறிவதே சபைத் தலைமைக்குரிய தகுதி என்போம்.