ஒலி சமமானால் குரலும் ஒன்றாகுமா?

புவனகிரியில் 1595-இல் பிறந்ததாக மரபு சொல்லும் ராகவேந்திரர் வீணைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய கொள்ளுத்தாத்தா கிருஷ்ண பட்டர் கிருஷ்ணதேவராயருக்கே வீணை சொல்லிக்கொடுத்தவர் என்பார்கள். ராகவேந்திரர் உரை எழுதி வளர்த்த துவைத வேதாந்தத்தில், இன்றைய மனம் எளிதில் ஒப்பாத கொள்கை ஒன்று உண்டு: தாரதம்மியம். உயிர்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. முக்தியிலும் அது மாறாது. ஆனால் அங்கே யாருக்கும் குறையில்லை, பொறாமையில்லை. குடமும் செம்பும் தத்தம் விளிம்புவரை நிறைந்திருப்பதுபோல ஒவ்வோர் உயிரும் தன்னளவில் நிறைந்திருக்கும். எல்லாரும் சமம் என்று நம்புகிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது? திருவிழா மெல்லிசை மேடையில் பாஸிவ், ஆக்டிவ் என்ற இருவகைக் கிட்டார்களின் சத்தத்தைச் சமன்செய்யப் பேஸ் கிட்டார்க்காரர் செய்யும் ஒரு சின்ன வேலையில் இதற்கு விடை இருக்கிறது.

பாஸிவ் பேஸ் கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் சேர்ந்த பிக்கப் மின்சாரமாக்கும். அது அப்படியே ஆம்ப்புக்குப் போகும். ஆக்டிவ் கிட்டாருக்குள் பேட்டரியில், பெரும்பாலும் 9 வோல்ட்டில், ஓடி அந்த மின்சாரத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருப்பதால் பொதுவாகச் சத்தம் தூக்கலாக வரும். பாட்டுக்குப் பாட்டு கிட்டாரை மாற்றினால் ஒன்று டிரம்ஸுக்கு அடியில் அமுங்கும், மற்றது பாடுகிறவரையே மூடும். பாஸிவுக்காக ஆம்ப்பின் கெயினை, அதாவது உள்ளே வருவதைப் பெருக்கும் அளவை, மிகவும் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும்; அதே அளவில் ஆக்டிவைச் செருகினால் ஒலி உடையும். எனவே முதலில் பாஸிவின் வால்யூமை முழுக்கத் திறந்து, அது தெளிவாகக் கேட்கும்படி ஆம்ப்பை வைத்துக்கொண்டு, பிறகு ஆக்டிவின் வால்யூமைக் குறைப்பதே நல்ல வழி. பல ஆம்ப்களில் ஆக்டிவின் ஒலியைத் தணித்து வாங்கத் தனிப் பொத்தானே உண்டு. இத்தனைக்குப் பிறகும் பாஸிவின் உருண்ட நாதமும் ஆக்டிவின் பளிச்சென்ற நாதமும் மாறுவதில்லை. பேட்டரி கொடுத்த பலம்தான் தணிந்தது. கருவியின் குணத்தில் யாரும் கைவைக்கவில்லை. துவைதமும் உயிரின் சொந்த இயல்பு வேறு, வெளியிலிருந்து வந்து அதை மூடுவது வேறு என்றே சொல்கிறது. இயல்பில் உள்ள வேறுபாட்டைப் போற்றலாம், வெளியிலிருந்து வந்ததைச் சரிசெய்யலாம், இரண்டும் முரணில்லை.

அந்தப் பலமும் ஆக்டிவுக்கு உரியதுதானே, ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். குறைப்பதால் அது எதையும் இழப்பதில்லை. மற்றொன்று கேட்க இடம் கிடைக்கிறது. சமம் என்பதை மீட்டரில் ஒரே எண்ணாகப் பார்த்தால் போதாதா என்றும் கேட்கலாம். போதாது. தாழ்ந்த சுருதிகளைக் காது மந்தமாகவே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஒரே எண்ணில் நிற்கும் இரண்டு நாதங்கள் காதுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. கேட்கிறவருக்கு எட்டுகிறதா என்பதே அளவுகோல்.

கனமான ஆட்சேபம் வேறு. இயல்பு என்ற பெயரில்தான் இந்த நாட்டில் மனிதர்களைப் படிப்படியாக அடுக்கினார்கள். புவனகிரிக்குப் பக்கத்திலேயே, சிதம்பரம் கோயிலின் சிற்றம்பல மேடையில் சிவனடியார் ஒருவர் தேவாரம் பாட 2008-இல் அரசாணையும் போலீஸ் பாதுகாப்பும் வேண்டியிருந்தன. இந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஓர் உயிரின் இயல்பை அளக்கும் அதிகாரத்தை எந்த மனிதருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொருவரின் உள்ளே இருப்பதை நாம் எங்கே கண்டோம்? நாம் காண்பது பிறப்பும் பணமும் பதவியும் ஏற்றிவிட்ட சத்தத்தைத்தான். அதை இயல்பென்று நம்பியதே தவறு. ஆகவே தாரதம்மியத்தை ஏற்கிறவருக்கும் மறுக்கிறவருக்கும் கடமை ஒன்றுதான்: ஏறிய சத்தத்தைத் தணித்து, எல்லாக் குரலும் கேட்கும்படி செய்வது. அதன் பிறகும் ஏதேனும் வேறுபாடு மிஞ்சினால், அதைப் பற்றிப் பேச அப்போதுதான் நமக்குத் தகுதி வரும்.