ஆகஸ்டு 9-ஆம் நாள்

நமது திருவழிபாட்டு நாள்காட்டியில் ஆகஸ்டு 9-ஆம் நாளுக்கு நேரே சிலுவையின் புனித தெரசா பெனடிக்டாவின் பெயர் காணப்படுகிறது. எடித் ஸ்டெயின் என்னும் இயற்பெயருடைய யூத மெய்யியல் அறிஞர் அவர். பின்னாளில் கார்மேல் துறவி. யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டித்து நெதர்லாந்து ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் 1942 ஜூலை 26 அன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிதீர்க்க, கத்தோலிக்கராகிவிட்ட யூதர்களையும் நாத்சிகள் பிடித்தனர். ஆகஸ்டு 2 அன்று எக்ட் நகர மடத்திலிருந்து எடித்தும் அவருடைய சகோதரி ரோசாவும் கொண்டு செல்லப்பட்டனர். ஔஷ்விட்சில் அவர் இறந்த நேரத்தைக் குறித்து வைத்தவர் எவருமில்லை. தொடர்வண்டி புறப்பட்ட நாளைக் கணக்கிட்டே 9 என்று பின்னர் குறித்தார்கள்.

அதே ஆண்டு, அதே நாள் அதிகாலையில் பம்பாயில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் முந்தின இரவில்தான் நிறைவேறியிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1943 ஆகஸ்டு 9 அன்று, பிரான்டன்பர்க் சிறையில் ஃபிரன்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற ஆஸ்திரிய உழவர் தலை வெட்டுண்டு இறந்தார். இட்லரின் படையில் போரிட மறுத்ததே அவர் செய்த குற்றம். குடும்பத்தை எண்ணிப் பார் என்று அவருடைய ஆயரே அறிவுரை கூறியிருந்தார். வீட்டில் மனைவியும் சிறு பெண்மக்கள் மூவரும் இருந்தனர். மேலும் ஈராண்டு சென்று, 1945-இல், இதே நாள் முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியின்மேல் அணுகுண்டு வெடித்தது.

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது. இத்தனையும் ஒரே நாளில் கூடுவது தற்செயலாகுமா, இறைவனின் விரல் இங்கே எழுதியிருக்கவில்லையா என்று மனம் கேட்கிறது. மறையுரையில் கேட்பதற்கும் இது நன்றாகவே இருக்கும். ஆயினும் அந்தச் சிலிர்ப்பை நாம் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

நாகசாகிக்கு அந்த நாள் வாய்த்தது எவ்வாறு? இரண்டாம் குண்டு ஆகஸ்டு 11-இல் வீசப்படுவதாக இருந்தது. வானிலை கெடும் என்ற கணிப்பால் இரண்டு நாள் முன்னதாக்கப்பட்டது. முதல் இலக்கும் நாகசாகி அன்று, கொக்குரா. அந்நகரின்மேல் மேகமும் புகையும் மூடியிருந்ததால் விமானம் மும்முறை சுற்றிவிட்டு, எரிபொருள் குறைந்த நிலையில் நாகசாகிக்குத் திரும்பியது. அங்கும் மேகம். குறித்த இடம் தவறி, உராக்காமி பேராலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் குண்டு வெடித்தது. விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் பெறக் காத்திருந்தோரும், அதை வழங்கிய குருக்கள் இருவரும் அங்கேயே மாண்டனர். உராக்காமியின் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

எரிந்த வீட்டின் சாம்பலில் தம் மனைவியின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்த மருத்துவர் தக்காஷி நாகாய், 1945 நவம்பர் 23 அன்று அப்பேராலய இடிபாடுகளுக்கிடையே நிகழ்ந்த நினைவுத் திருப்பலியில் உரையாற்றினார். உராக்காமி, போரின் பாவங்களுக்காக இறைவன் தேர்ந்துகொண்ட மாசற்ற எரிபலி என்றார். போர் முடிந்த ஆகஸ்டு 15 மரியன்னையின் விண்ணேற்பு நாள் என்பதையும், அழிந்த பேராலயம் அந்த அன்னைக்கே உரியது என்பதையும் சுட்டிக்காட்டினார். அவரும் நாள்காட்டியைத்தான் வாசித்தார். (இறைவன் குறித்த நாளென்று நாம் உரிமை கொண்டாடும் அதே 15-ஐ, சப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதற்காக மவுண்ட்பேட்டன் நமது விடுதலைக்குத் தேர்ந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.)

நாகாயின் சொற்களை எதிர்த்தோரும் உண்டு. குண்டை வீசியது இறைத்திட்டம் என்றால், வீசியவனிடமும் போரைத் தொடங்கியவனிடமும் கணக்குக் கேட்பது யார் என்று அவர்கள் வினவினர். அவ்வினா நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் நாகாயை மறுக்க நமக்கு நா எழவில்லை. தன் மனைவியின் சாம்பலைக் கையில் ஏந்தியவன் அதைப் பலியென்று இறைவனிடம் ஒப்படைக்கலாம். அது அவனுடைய காணிக்கை. அதே சொல்லை, எதையும் இழக்காதவன் அவனைப் பார்த்துச் சொன்னால் அது காணிக்கையாகாது. அவன் தலையில் ஏற்றும் சுமையாகும்.

நாம் துக்க வீடுகளுக்குச் செல்கிறோம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், 'எல்லாம் தேவ சித்தம்' என்கிறோம். அன்று தற்செயலாக ஒரு திருநாளாக இருந்துவிட்டால், 'எவ்வளவு நல்ல நாளில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்' என்று கூடச் சொல்கிறோம். அவள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட 18 பேரின் பாவத்தை எடைபோட நம் ஆண்டவர் மறுத்துவிட்டார் என்பதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். துக்க வீட்டு வாசலில் அதை மறந்துவிடுகிறோம்.

யேகர்ஸ்டேட்டரை 2007-இல் அருளாளராக உயர்த்திய திருச்சபை, அவருடைய நினைவுநாளாக ஆகஸ்டு 9-ஐக் குறிக்கவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற மே 21-ஐக் குறித்தது. அவரைக் கொன்றோர் தேர்ந்த நாளைவிட, கிறிஸ்துவுக்குள் அவர் பிறந்த நாள் ஏற்றது எனத் தோன்றியிருக்கலாம்.

உராக்காமி பேராலயத்தின் இரு கோபுரங்களில் இருந்த மணிகளுள் ஒன்று குண்டுவெடிப்பில் அழிந்தது. மற்றொன்றை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அழிந்த மணியின் இடத்திற்கு அமெரிக்கக் கத்தோலிக்கர் காசு சேர்த்து ஒரு புதிய மணியை வார்த்துக் கொடுத்தனர். 2025 ஆகஸ்டு 9 அன்று முற்பகல் 11.02-க்கு, 80 ஆண்டுகளுக்குப் பின், இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.