ஒரு வாய் உணவுக்கு ஆகும் நேரம்

விழுங்கச் சிரமப்படும் முதியவர் ஒருவருக்கு மதியச் சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுத்த வாக்கில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அரைத்த உணவைப் பாதிக் கரண்டி மட்டும் எடுத்து வாயில் வைத்து, தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையும்வரை அடுத்த கரண்டி இல்லை. மறதிநோய் முற்றியவருக்கு வாயில் இருப்பது உணவு என்பதே மறந்துபோகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைத் தொட்டு, விழுங்கச் சொல்ல வேண்டும். தண்ணீரைக்கூட அப்படியே கொடுக்க முடியாது, தடிப்பாக்கும் தூள் கலந்துதான் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் என்பது சாதாரணம். சிலருக்கு முக்கால் மணி. அவசரப்பட்டால் புரையேறும். அந்த வயதில் ஒரு புரையேற்றம் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

கோவிட் காலத்து முதியோர் இல்லங்களை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கிருமியைவிட இந்த அரை மணி நேரத்தில்தான் போய் நிற்கிறது.

கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் இப்படிப்பட்ட இல்லங்களில் வாழ்ந்தவர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் 2021 ஏப்ரலுக்குள் 3,900க்கும் மேற்பட்ட முதியவர்களும் 11 பணியாளர்களும் இறந்துபோனதாக அரசு அமைத்த விசாரணை ஆணையம் பதிவு செய்தது. வயதானவர்கள், நோயாளிகள், கிருமி கொன்றுவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கிருமி வருவதற்கு முந்திய ஒரு கணக்கு இருக்கிறது.

தொற்றுக்கு முன்பு ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஒருவருக்கு ஒரு நாளில் கிடைத்த நேரடிப் பராமரிப்பு சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம். தாதியரின் நேரம், பி.எஸ்.டபிள்யூ என்று எல்லோரும் சொல்லும் உதவிப் பணியாளர்களின் நேரம், எல்லாம் அதற்குள் அடக்கம். எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், படுக்கைப்புண் வராமல் சில மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று வேளை ஊட்டுவதற்கே ஒன்றரை மணி, இரண்டு மணி போய்விட்டால் மற்றதற்கெல்லாம் என்ன மிச்சம்? கணக்கு உதைக்கிறது.

ஆனாலும் அந்த இல்லங்கள் ஓடின. மகள்மாரும் மனைவிமாரும் கணவன்மாரும் ஓட வைத்தார்கள். மதியத்துக்கு முன்பே பஸ் பிடித்து வந்து தாய்க்கு ஊட்டிவிட்டுப் போன மகள், பின்னேரங்களில் வந்து மனைவியின் தலையை வாரிவிட்ட ஓய்வுபெற்ற கணவர், சனிக்கிழமைகளில் நகம் வெட்டிவிட்ட மருமகள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குழைந்த சோறும் ரசமும் கட்டிக்கொண்டு போன பிள்ளைகள் பலர். நாற்பது வருடம் பழகிய ஆங்கிலம் மறதிநோயில் கழன்று போய், “பிள்ளை, கொஞ்சம் தண்ணி தா” என்று தமிழில் மட்டுமே கேட்கத் தெரிந்த அம்மம்மாவுக்கு அவர்கள்தான் காது. இந்த மணித்தியாலங்கள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. சம்பளம் இல்லாத நேரம் என்பதால் அது நேரமாகவே எண்ணப்படவில்லை.

2020 மார்ச் நடுப்பகுதியில் கதவுகள் மூடப்பட்டன.

மூடியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே கிர்க்லாண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நடந்ததை உலகம் அப்போதுதான் பார்த்திருந்தது. பெப்ரவரி கடைசியில் அங்கே முதல் தொற்று உறுதியானது. மார்ச் 18க்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்கு நோய். அதில் 101 பேர் அங்கே வாழ்ந்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். அங்கே வாழ்ந்து நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவர் அதற்குள் இறந்திருந்தார். அதே வட்டாரத்தில் இன்னோர் இல்லத்தில் முதியவர்கள் 76 பேரைச் சோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த வேளையில் அவர்களில் 27 பேருக்கு இருமலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதபோது கதவைச் சாத்தியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல.

ஆனால் கதவு மகளுக்குத்தான் மூடியது. பணியாளர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். உலகம் முழுக்க இரண்டு மீற்றர் விலகி நில்லுங்கள் என்றார்கள். ஒருவரைத் தூக்கி உட்கார வைப்பவர், அவர் பின்புறம் கழுவிவிடுபவர், எங்கே விலகி நிற்பது? அவருடைய வேலையே கிட்டப் போவதுதான்.

இங்கே அந்தப் பணியாளரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பகுதியினர் புலம்பெயர்ந்து வந்த பெண்கள். பிலிப்பைன்ஸ், கரீபியன் தீவுகள், ஆபிரிக்கா, இந்தியா, எங்கள் யாழ்ப்பாணம், வன்னி. பலருக்கு ஓர் இல்லம் முழுநேர வேலை தராது. காலையில் ஓர் இடம், இரவில் இன்னோர் இடம் என்று இரண்டு மூன்று இல்லங்களைச் சேர்த்தால்தான் வீட்டு வாடகை கட்டலாம். காய்ச்சல் என்று வீட்டில் நின்றால் அன்றைய சம்பளம் போகும். கிர்க்லாண்டை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் எழுதினார்கள்: நோய்க்குறியோடு வேலைக்கு வந்த பணியாளர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்த பணியாளர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மார்ச் மாதமே ஒருவருக்கு ஓர் இல்லம் என்று கட்டளையிட்டு, சம்பள இழப்பையும் சரிக்கட்டியது. ஒன்ராறியோவில் அந்த உத்தரவு நடைமுறைக்கு வரும்போது ஏப்ரல் 22 ஆகிவிட்டது. அந்த வாரங்களில் எத்தனை உயிர் போனது என்பதை நினைக்கவே கை நடுங்குகிறது.

உள்ளே கட்டிடமும் துணை நின்றது, கிருமிக்கு. பழைய இல்லங்களில் ஓர் அறைக்கு நான்கு கட்டில், நடுவில் ஒரு திரைச்சீலை. ஒன்ராறியோவின் 600க்கும் மேற்பட்ட இல்லங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், நெரிசல் மிகுந்த இல்லங்களில் தொற்று 9.7 சதவீதம், நெரிசல் குறைந்தவற்றில் 4.5 சதவீதம் என்று தெரியவந்தது. இறப்பும் ஏறக்குறைய இரு மடங்கு.

பணியாளர்கள் நோயில் விழுந்தார்கள், பயந்து நின்றார்கள், சிலர் திரும்பி வரவில்லை. கியூபெக்கின் டோர்வால் நகரத் தனியார் இல்லம் ஒன்றுக்கு மார்ச் கடைசியில் சுகாதார அதிகாரிகள் போனபோது, நூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களே இருந்தார்கள். கடைசியில் இராணுவத்தை அழைத்தார்கள். ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஐந்து இல்லங்களில் படையினர் கண்டது மே 26 அன்று அறிக்கையாக வெளியானது. ஓர் இல்லத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வேளை உணவு கிடைக்கவில்லை. வாரக்கணக்காகக் கட்டிலை விட்டு இறக்கப்படாதவர்கள், படுக்கைப்புண் பிடித்தவர்கள், உதவி கேட்டுக் கத்தியும் யாரும் வராதவர்கள். இன்னோர் இல்லத்தில் நிமிர்த்தி உட்கார வைக்காமலே ஊட்டியிருக்கிறார்கள். படுத்தபடி ஊட்டப்பட்ட ஒருவருக்குத் தொண்டையில் உணவு அடைத்து, காப்பாற்ற முடியாமல் போயிருக்கிறது.

அந்தக் கரண்டியைப் பிடித்திருந்த கையை நான் நெடுநேரம் நினைத்திருக்கிறேன். அது கொடுமை செய்ய வந்த கை என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்னும் பத்துப் பேர் பசியோடு காத்திருக்கும் அறைகளை நினைத்துப் பதறிய கையாக இருந்திருக்கும். அந்த முதியவருக்கு வேண்டியிருந்த அரை மணி நேரத்தை அந்தப் பணியாளருக்கு யாரும் கொடுக்கவில்லை. தனக்குக் கிடைக்காததை அவரால் எப்படிக் கொடுக்க முடியும்?

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. பிரான்சில் லியோன் நகரத்துக்கு அருகே விலனோவா என்ற இல்லம். 106 முதியவர்கள். மார்ச்சில் அங்கே பணிபுரிந்தவர்களில் பலர் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து, தரையில் மெத்தை விரித்துப் படுத்து, 47 நாள் அந்த இல்லத்தோடேயே அடைபட்டுக் கிடந்தார்கள். மே மாதம் வெளியே வந்தபோது அங்கே கோவிட் சாவு ஒன்றும் இல்லை. முதியவர்கள் அறைக்குள்ளேயே பூட்டிவைக்கப்படவில்லை, ஒருவரோடு ஒருவர் கூடிப் பழகினார்கள். பிரான்சில் வேறு சில இல்லங்களும் இவ்வாறே செய்தன.

இதைப் படிக்கும்போது நெகிழாமல் இருக்க முடியாது. ஆனால் இதையே அளவுகோலாக்கி மற்றவர்களை அளப்பது அநியாயம். மூன்று பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்குப் போகும் ஸ்காபரோப் பெண்ணால் 47 நாள் எங்கே தங்க முடியும்? மாலை நேரங்களில் பால்கனியில் நின்று பாத்திரம் தட்டி இந்தப் பணியாளர்களைப் போற்றினோம். தேவதைகள் என்றோம். சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுப்பதைவிடத் தேவதை என்று பெயர் கொடுப்பது மிகவும் மலிவு.

விலனோவாவில் நடந்ததை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அங்கிருந்தவர்கள் அந்த முதியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். யார் எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், யாருக்குக் காது கேளாது, யார் முகக்கவசத்தைக் கண்டால் மிரளுவார் என்று முன்பே தெரிந்த கைகள். முகக்கவசங்களை விமானத்தில் ஏற்றி வரவழைக்கலாம். ஒட்சிசன் வாங்கலாம். கட்டில் போடலாம். ஒருவரை இன்னொருவர் அறிந்திருப்பதை நெருக்கடி வந்த அன்று வாங்க முடியாது. அது ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமைகளில், அவசரமில்லாமல் ஊட்டிய மதியங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்க வேண்டும். படையினர் ஒழுங்கோடும் கருணையோடும் வந்தார்கள். ஆனால் அந்த அம்மம்மாவின் “தண்ணி” அவர்களுக்கு விளங்கியிருக்காது.

பராமரிப்பு என்று நாம் சொல்வது அன்பா, தொழிலா, கடமையா என்று பலவிதமாகப் பேசுகிறோம். நான் இப்போது அதை நேரம் என்றே நினைக்கிறேன். ஒருவர் தன் ஆயுளில் ஒரு துண்டை வெட்டி இன்னொருவருக்குக் கொடுப்பது. வாங்கியவர் அதைத் திருப்பித் தரப்போவதில்லை. மறதிநோய் வந்தவராக இருந்தால் தந்தது யார் என்றுகூட நினைவில் வைத்திருக்கமாட்டார். சாட்சியும் இல்லை. ஊட்டுபவரின் அந்த அரை மணியும் உண்பவரின் அந்த அரை மணியும் ஒன்றேதான். ஒருவரிடமிருந்து பிடுங்கினால் மற்றவரிடமிருந்தும் பிடுங்கியதாகிறது. பணியாளரை மலிவாக்கிய இடத்தில் முதியவரும் மலிவாகிவிட்டார். நோய் வருவதற்குப் பல வருடங்கள் முந்தியே அது நடந்து முடிந்திருந்தது.

மூடிய கதவைத் திறக்கலாம் என்று கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். 2020 மே மாதம் நெதர்லாந்தில் 26 இல்லங்களில், முதியவர் ஒருவருக்கு ஓர் உறவினர் என்று கட்டுப்பாட்டோடு உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அந்த வாரங்களில் புதிய தொற்று எதுவும் அங்கே தெரியவரவில்லை. ஒன்ராறியோவும் அந்த இலையுதிர்காலத்தில், உறவினர்களில் இருவரைப் பராமரிப்பாளர்களாகப் பதிந்து உள்ளே அனுமதிக்கத் தொடங்கியது. அதற்குள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்து, உள்ளே இருப்பவர் தன்னை மறந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்.

பிறகு சட்டம் வந்தது. 2025 மார்ச் முடிவுக்குள் ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு மணி நேரப் பராமரிப்பு என்று ஒன்ராறியோ இலக்கு வைத்தது. ஆனால் அது மாகாணத்தின் சராசரி. ஒவ்வோர் இல்லமும் அதைத் தனித்தனியே எட்ட வேண்டும் என்றில்லை. உதவிப் பணியாளர்களுக்கு மணிக்கு மூன்று டொலர் கூட்டப்பட்டு, பின்னர் நிரந்தரமானது. நல்லதுதான். போதாது.

அம்மாவையோ அப்பாவையோ சேர்க்க இல்லம் தேடுபவர்கள் என்னிடம் கேட்டால், வரவேற்பறையின் சோபாவையும் சுவரில் மாட்டிய படங்களையும் பார்க்க வேண்டாம் என்பேன். காலை ஷிப்டில் ஒரு பணியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் நிரந்தர வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஏஜென்சி மூலம் வந்துபோகிறார்கள் என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், தயங்குகிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.